புள்ளி வைத்த உருளைகள்

ஜூன் 3

அன்புள்ள சுண்டெலியின் அப்பாவுக்கு,

நானும் நம் மகள் சுண்டெலியும் நலம். பிரிந்து வந்து ஒரு வருஷம் கழித்து எழுதுகிறேன், அதுவும் வேலை விஷயமாக. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் வேலை பார்க்கும், சுண்டெலியும் படிக்கும் மாண்டிசோரி பள்ளிக்கு ஓர் உருளைக் கட்டை வேண்டும். நீளக் கட்டையில் பத்துக் குழிகள்; அவற்றில் இறங்கப் பத்து உருளைகள், தலையில் குமிழோடு. ஒன்றைவிட ஒன்று துளி பருமன். ஒவ்வொன்றும் அதனதன் குழியில்தான் கச்சிதமாக உட்கார வேண்டும். இதைக் கடைய உங்களைவிட்டால் எனக்கு யாரைத் தெரியும்? அளவுகளை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

சுண்டெலியின் அம்மா

ஜூன் 19

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

கடைசல் பட்டறையில் மற்ற வேலையை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு இதைக் கடைந்தேன். மயிரிழை பிசகாது.

நீ கேட்காததையும் செய்திருக்கிறேன். ஒவ்வொரு குமிழிலும் ஒரு நிறப் புள்ளி, அதே நிறம் அதன் குழியோரத்திலும். இனி எந்தப் பிள்ளையும் தப்பாகப் போடாது. நாலு வயதுகூட ஆகாத நம் சுண்டெலி விழி பிதுங்குவதை நான் எப்படிப் பொறுப்பேன்?

நீ ஏன் போனாய் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. எப்போது வருவீர்கள்?

உன் வீட்டுக்காரன்

ஜூன் 26

அன்புள்ள சுண்டெலியின் அப்பாவுக்கு,

கட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேலைப்பாட்டைப் பார்த்து இங்கே எல்லோரும் அசந்துபோனார்கள். ஆனால் தப்பாகப் போடத்தான் அந்தக் கட்டையே. ஒல்லி உருளை அகலக் குழிக்குள் போய்விட்டால், கடைசியில் ஒரு குண்டு உருளை போக இடமில்லாமல் மிஞ்சும். நாங்கள் சொல்ல மாட்டோம். கட்டையே சொல்லும்.

ஏன் போனேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காய் நறுக்கினால் கத்தியை வாங்கினீர்கள். விண்ணப்பம் எழுதினால் பேனாவை வாங்கினீர்கள். எல்லாம் பிரியத்தில்தான், தெரியும். எனக்கு மூச்சு முட்டியது.

வகுப்பின் மூலையில் பெற்றோருக்கு ஒரு நாற்காலி உண்டு. ஒரு மணி நேரம் உட்காரலாம். பேசக் கூடாது, உதவக் கூடாது. புள்ளிகளை அழித்து நீங்களே எடுத்து வாருங்கள். உட்கார முடிந்தால், நாங்கள் திரும்பி வருவதைப் பற்றிப் பேசலாம்.

சுண்டெலியின் அம்மா

ஜூலை 8

அன்புள்ள உனக்கு,

அன்றைக்கு வகுப்பு நாற்காலியை விட்டு எழுந்ததும் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

நம் சுண்டெலி மூன்றாவது உருளையிலேயே பிசகினாள். கடைந்த எனக்குத் தெரியாதா? கை பரபரத்தது, தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். கடைசியில் குண்டு ஒன்று மிஞ்சியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. குழியின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள், பட்டறையில் நான் தடவுவது போலவே. எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி போட்டாள். மறுபடியும் மிஞ்சியது. மூன்றாம் முறை பத்தும் உள்ளே இறங்கின. சபாஷ் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனக்குத் தானே சிரித்துக்கொண்டு திரும்ப எல்லாவற்றையும் எடுத்தாள். இத்தனூண்டு உடம்புக்குள் இவ்வளவு பெரிய ஆள் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நீ வேறு பிள்ளையோடு இருந்தாய். அவள் கட்டையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

“நீ பண்ணுப்பா.”

என் கண் கலங்கியிருந்தது. புள்ளியும் இல்லை. நான் கடைந்த கட்டையில் நானே நான்காவதை ஐந்தாவதன் குழியில் போட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நானே கண்டுபிடிக்கும்வரை அசையாமல் நின்றாள்.

அவ்வளவு மரியாதையை யாரும் எனக்குத் தந்ததில்லை. நான் உனக்கு ஒரு நாளும் தந்ததில்லை.

வா என்று எழுத மாட்டேன். எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள், நீயே யோசி. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சுண்டெலியின் அப்பா