அணைத்த விளக்கையும் வழக்கில் சேர்க்கக் கோரி

அனுப்புநர்:
தையல்கார அக்காவின் எதிர்வீட்டில் குடியிருப்பவள்,
இரண்டாம் மாடி.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
காவல் நிலையம்.

பொருள்: கணவரை இஸ்திரிப் பெட்டியால் தாக்கிய வழக்கில், நேரில் கண்ட என்னுடைய வாக்குமூலத்தை மறுபடியும் பதிவு செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். கைக்குழந்தை இப்போதுதான் தூங்கினாள். விடிந்துவிட்டால் எழுதும் தைரியம் போய்விடும்.

1. சம்பவத்தன்று குழந்தையின் கவுனை வாங்க அக்கா வீட்டு வாசலில் நின்றிருந்தேன். அக்கா தன் கணவரை முகத்தில் அடித்ததைப் பார்த்தேன். கணவர் விழுந்த பிறகும் அக்கா இன்னொரு முறை அடித்தார். இதைத் தங்கள் உதவி ஆய்வாளரிடம் சொன்னேன். அதில் மாற்றம் இல்லை.

2. "அந்த ஆள் குடிப்பாரா, அடிப்பாரா, சந்தேகப்படுவாரா?" என்று உதவி ஆய்வாளர் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அது உண்மைதான். "அப்ப தங்கமான மனுஷன்னு சொல்லுங்கம்மா" என்று சிரித்தார். குழந்தை தோளில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இப்போது குற்றப்பத்திரிகையில் "எவ்விதக் காரணமும் இன்றி" என்று வரப்போவதாக அக்காவின் தம்பி சொல்கிறார். அக்கா காவலில் வாயே திறப்பதில்லையாம்.

3. ஐயா, அந்த மனிதர் மனைவியோடு பேசமாட்டார். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பது வேறு. இவர் அப்படி ஒருத்தி வீட்டில் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். தையல் அறைக்குச் சுவிட்சு வெளியே கூடத்தில் இருக்கிறது. அக்கா மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போவார். அக்கா எழுந்து வந்து போட்டால் மறுபடியும் அணைப்பார். "ஆளில்லாத ரூம்ல எதுக்கு லைட்டு" என்று பொதுவாகச் சொல்வார், சிரித்த முகமாக. ஒருநாள் நான் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது, என் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே, "பாப்பா, உங்கம்மா யார்கூடவோ பேசிட்டிருக்காங்களே, உன் கண்ணுக்கு யாராவது தெரியுறாங்களா? மாமாவுக்குத் தெரியலையே" என்றார். வேடிக்கை என்று நினைத்து நானும் சிரித்தேன். அக்கா தலைகுனிந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான முதல் வருஷத்திலிருந்தே இப்படித்தான் என்று பிறகு சொன்னார். "கைநீட்டியிருந்தாக்கூடத் தேவலை. அடிக்கிறதுக்காவது ஒரு ஆள் இருக்கணும்ல."

4. அன்றும் விளக்கை அணைத்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி அக்காவின் விரலில் இறங்கி ஒடிந்தது. "ஏங்க, விரலு, விரலுங்க" என்று கதறினார். கணவர் கூடத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார். என்ன சத்தம் என்று எதிர்முனையில் கேட்டிருப்பார்கள் போலும். "ஒண்ணுமில்ல, வீட்ல யாரும் இல்ல" என்றார். நான் உள்ளே ஓடுவதற்குள், துணி தேய்க்கச் சூடேற்றி வைத்திருந்த பெட்டி அக்காவின் கையில் இருந்தது.

5. இது அக்கா செய்ததை நியாயமாக்குமா என்று தாங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரரும் கேட்டார்: "பேசாததுக்கெல்லாம் பெட்டியத் தூக்கினா ஊர்ல எந்த ஆம்பள மூஞ்சி மிஞ்சும்?" நியாயமாக்காது ஐயா. வெந்துபோன அந்தக் கன்னத்தைப் பார்த்தவள் நான். ஒரு கண்ணில் பார்வை திரும்புமா என்று தெரியவில்லையாம். இரண்டாவது அடிக்கு என்னிடமும் சமாதானம் இல்லை. தண்டனையே வேண்டாம் என்று கேட்க வரவில்லை. காரணமே இல்லை என்று என் கையெழுத்தை வைத்து எழுதப்படுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

6. ஆகவே என் வாக்குமூலத்தை மறுபடியும் எடுக்கவும், அந்தச் சுவிட்சு இருக்கும் இடத்தைப் படம் பிடிக்கவும், அக்காவின் விரலை மருத்துவரிடம் காட்டவும் உத்தரவிட வேண்டுகிறேன். விரல் வீங்கிக் கறுத்திருப்பதைத் தம்பி பார்த்துவிட்டு வந்தார். ஒடிந்த ஊசி இன்னும் உள்ளேயே இருக்க வேண்டும். கேட்க ஆள் இல்லை என்று பழகிப்போனவர் அக்கா. வலிக்கிறது என்று தானாகச் சொல்லமாட்டார்.

எப்போது வரச்சொன்னாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் தாருங்கள்.

நாள்: திங்கள், இரவு
இடம்: எதிர்வீடு

இப்படிக்கு,
கண்ணால் கண்டவள்
(கையொப்பம்)