கை சொன்னபடி கேட்ட வெள்ளிக்கிழமைகள்

அத்தை,

இன்று காலை அடுத்த வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அந்தத் தீய்ந்த வாசனை என் அறைக்குள் வந்ததும் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். ஆறு மணிக்கு மாத்திரை, கூடவே ஒரு டம்ளர் பால். நான்கு வருடம் நான் உங்களுக்குக் கொடுத்தது அதுதான்.

வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் வெந்துவிடும் என்பது நம் வீட்டுச் சட்டம். உங்களுக்குக் கைகால் விறைத்துப்போகும் பார்க்கின்சன் நோய் என்றதும் நான் தேடித் தேடிப் படித்தேன். மூளையில் டோபமைன் குறைகிறது. லெவோடோபா மாத்திரை உள்ளே போய் அதுவாக மாறுகிறது. எழுந்தால் தலை சுற்றலாம், நாள்பட்டால் உடம்பு தானாக நெளியலாம். குமட்டலும் வரும் என்று படித்தவுடன், பால் கொடுப்பதே நல்லது என்று முடிவு செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு மதியம்வரை விரதம் இருப்பீர்கள். அன்று மட்டும் மாத்திரை தண்ணீரில் இறங்கும். அப்படியொரு வெள்ளியன்று, சம்பா நடவு நடந்த வயலில் நீங்களாகவே இறங்கி ஒரு முடி நாற்றுக் கட்டைப் பிரித்து நட்டுவிட்டு வந்தீர்கள். முப்பது வருடம் நடவுப் பெண்களை முன்னால் நின்று நடத்திய கை. சேறு காயாத விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள்.

"பாத்தியா மருமவளே, வெரதம் இருக்குற அன்னைக்குத்தான் இது நான் சொன்ன பேச்சக் கேக்குது. மத்த நாள்ல ஒங்க மாமா மாதிரி."

"அது சும்மா அமைஞ்சது அத்தை. மாத்திரை சாப்புடுறவங்க பட்டினி கெடக்கக் கூடாது. இனிமே வெரதம் வேணாம்."

"ஆத்தா கோவிச்சுக்குவாடி."

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. படித்தவள் சொல்கிறாள் என்று விரதத்தை விட்டுவிட்டீர்கள்.

பிறகு ஏழு நாளும் பால். கை கட்டையாகவே கிடந்தது. மருந்து பத்தவில்லை என்று தஞ்சாவூர் டாக்டரிடம் நானே சொல்ல, அவர் அளவைக் கூட்டினார். அதன்பின் உங்கள் தோளும் கழுத்தும் நிற்காமல் நெளிந்தன. குடவாசல் கடைத்தெருவில் ஒருவன், "கெழவி பகல்லயே ஊத்திக்கிச்சு போல" என்றான். அத்தோடு வெளியே போவதை நிறுத்தினீர்கள். ஒருநாள் எழும்போது தலைசுற்றிக் கொல்லைப் படியில் விழுந்தீர்கள். இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா கேட்டார்: "மாத்திரைய எதுகூடக் குடுக்குறீங்க?"

சொன்னேன்.

"பால்ல இருக்குற புரதம் இந்த மருந்தச் சரியா ஏற விடாதும்மா. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி தண்ணியில குடுக்கணும். யாரும் சொல்லலியா?"

நீங்கள் சொல்லியிருந்தீர்கள், அத்தை.

கட்டிலுக்குத் திரும்பினேன். "என்னவாம்?" என்றீர்கள்.

"ஒண்ணுமில்ல. மாத்திரை நேரத்த மாத்தச் சொன்னாங்க."

கூரையைப் பார்த்தபடி, "வெரதத்த விட்டேன்ல, அதான் ஆத்தா படுக்க வச்சுட்டா" என்றீர்கள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம், ஆத்தா இல்லை, நான்தான் என்று. உங்கள் காலைப் போர்த்திவிட்டு வெந்நீர் வாங்கக் கீழே போனேன்.

நெஞ்சில் சளி கட்டிப் பதினோரு நாளில் போய்விட்டீர்கள். பேச்சு நிற்கும்வரை அம்மனிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். எழவுக்கு வந்தவர்கள் என் தலையைத் தடவி, "பெத்த மவளாட்டம் பாத்துக்கிட்டா" என்றார்கள். நான் மறுக்கவில்லை. ஊரில் எனக்கு இன்றைக்கும் அந்த நல்ல பேர்தான்.