காற்றுப்பைக் கம்பத்தில் நீலப்பட்டு

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? ஆடுகள் கொழுத்தனவா? கோபிப் பாலைவனத்தில் நான் நலம். விமானத்திடல் தேநீர்க்கடை வேலை சுலபம்தான்.

நேற்று ஒரு பெண், மகன் நல்லபடியாக வந்திறங்க வேண்டுமென்று காற்றின் திசை காட்டும் காற்றுப்பைக் கம்பத்தில் நீலப்பட்டு கட்டினாள். அது பையின் வாயை இறுக்கிவிட்டது. பலத்த காற்றிலும் பை தொங்கியது. அதைப் பார்த்துக் காற்றே இல்லையென்று நம்பி விமானம் தாழ்ந்து வந்தது.

நான் கம்பத்தில் ஏறினேன். உயரமில்லை, பயப்படாதீர்கள்.

"ஏய் வாயில்லாப்பூச்சி, இறங்குடி!" என்றார் திடல்காரர் கோம்போ.

"முடிச்ச அவுத்துட்டு வரேன்!" என்று கத்தினேன்.

முடிச்சு அவிழ்ந்ததும் பை காற்றில் விறைத்து நின்றது. விமானம் மேலேறிச் சுற்றி, எதிர்ப்பக்கமாக, காற்றை எதிர்த்து இறங்கியது.

"பாத்தியா, பட்டுதான் காப்பாத்துச்சு!" என்று அந்தப் பெண் வந்திறங்கிய மகனைக் கட்டிக்கொண்டாள்.

அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை; காற்று எந்தப் பக்கம் என்றே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளங்கை கொஞ்சம் உரிந்திருக்கிறது, கையுறை அனுப்புங்கள். நம் கூடாரப் புகை எந்தப் பக்கம் சாய்கிறதென்றும் எழுதுங்கள்.

விமானி கடிதத்துக்குக் கை நீட்டுகிறார்.

மகள்,
நொமின்