வாழைக்குழி

என்னங்க,

ஆலங்குளம் மில்லில் வாட்ச்மேன் வேலை பழகிவிட்டதா? நீங்கள் போனில் பேசியதாக நம் மகள் மஞ்சு சொன்னாள். இங்கே சாரல் விடவில்லை.

மேலகரத்தில், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் மனம் ஆறுவதற்கென்று ஒரு தோட்டம் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் போய்க் கூடமாட வேலை செய்கிறேன். நேற்று அங்கே கண்டதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாழைக்கன்றுக்கு முழங்கால் ஆழம் போதும். ரிட்டயர்டு ஹவில்தார் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி தோண்ட ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மார்பளவுக்குப் பதுங்குகுழியே வெட்டி, அதற்குள் உட்கார்ந்துகொண்டார். கூப்பிட்டும் ஏறவில்லை. சிலர் வந்து, அவரைத் தூக்கிவிட்டுக் குழியை மூடிவிடலாம் என்றார்கள்.

"சும்மா இருங்க. அவங்க வெட்டினதுல்லா," என்றாள் அவர் மனைவி நிர்மலாதேவி. சேலையைச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பார்டர்ல இப்படித்தான் இருந்தியளா? இவ்வளவு குளிருமா?"

ஊரில் யாரிடமும் பேசாத மனிதர், "மேல பனி, கீழ தண்ணி," என்று தொடங்கினார். பேசிக்கொண்டே இருந்தார். குற்றால மலை மேகத்துக்குள் போய்விட்டது. நாங்கள் கையில் கன்றோடு மழையில் அசையாமல் நின்றோம். சாமி கும்பிடக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

பட்டாளத்திலிருந்து வந்த புதிதில் நம் வீட்டுப் பின்னால் நீங்கள் வெட்டிய குழியை, தெருவே சொல்லியும் நான் மூடவில்லை. இன்று காலை இறங்கி உட்கார்ந்து பார்த்தேன்.

இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி