கோவிலூரில் சூடம் ஏற்றாதது

1996 ஆகஸ்ட் 9, வெள்ளி

ஸ்கூட்டரை விற்கப் பேப்பரில் விளம்பரம் கொடுத்து நான்கு நாள் ஆகிறது. இன்று மாலைதான் முதல் ஆள் வந்தான். ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுவரை தன் தோல்பை இங்கேயே இருக்கட்டும் என்றான். நான் தலையாட்டிவிட்டேன்.

ஸ்டெல்லா என்னை உள்ளே கூப்பிட்டாள். "பைய நம்பியா வண்டியக் குடுக்கப் போறீக? நீங்களும் பின்னால ஏறிக்கிருங்க."

ஏறினேன். கோவிலூர் வரை ஓட்டிப் போய்க் கோயில் வாசலில் நிறுத்தினான்.

"வெள்ளிக்கிழமை வண்டி கைமாறுது. உள்ள போயி ஒரு சூடம் ஏத்திட்டு வாங்கண்ணே. வண்டிய நான் பாத்துக்கிறேன்."

"நாங்க வேதக்காரவுக தம்பி. நீங்க போயிட்டு வாங்க."

உள்ளே போனவன் வரவே இல்லை. முக்கால் மணி நேரம் மடையன் மாதிரி நின்றேன். அவன் செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தோம். எல்லாம் பழைய பேப்பர். மேலே எங்கள் விளம்பரம் வந்த தாள் இருந்தது. விளம்பரத்தைப் பேனாவால் வட்டமிட்டிருந்தான். அதற்கு மேலே, சாக்கோட்டையில் யாரோ மொபெட் விற்கும் விளம்பரம். அதையும் வட்டமிட்டு, பிறகு குறுக்கே அடித்திருந்தான்.

ஸ்டெல்லா மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் படுத்துவிட்டாள். நான் ஒன்றும் உஷாராக இருந்து தப்பவில்லை. சாக்கோட்டைக்காரர் சூடம் ஏற்றிவிட்டுத்தான் வெளியே வந்திருப்பார். நான் நின்ற அதே இடத்தில் நின்று மொபெட்டைத் தேடியிருப்பார்.