அண்ணன் நடக்காத பாதை

அண்ணே,

இன்று காலை தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்பப் போனேன். உன் கையெழுத்து அச்சடித்த தொப்பி ஒன்று வாய்க்காலில் மிதந்து வந்து நம் மடையை அடைத்துக்கொண்டு கிடந்தது. மண்வெட்டி நுனியால் தூக்கி வரப்பில் எறிந்தேன். அவ்வளவு நேரம் தண்ணீரில் ஊறியும் உன் பெயர் சாயம் போகவில்லை. நல்ல அச்சு.

மாசியிலிருந்து இந்தத் தொப்பிகள்தான் இங்கே நடமாடுகின்றன. உன்னைச் சென்னையில் அடக்கம் செய்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் உன் பெயரில் ஒரு நடைபாதை வகுத்து, காசு வாங்கிக்கொண்டு ஆட்களை நடக்கவிடுகிறார்கள். சின்னமனூரில் தொடங்கி மார்க்கையன்கோட்டை, உத்தமபாளையம், கம்பம் என்று கூடலூர் வரை. நீ வரைந்த வயல், நீ வரைந்த வாய்க்கால், நீ வரைந்த மலை. வழிகாட்டி கிடையாது. போனில் வரைபடம், காதில் உன் குரல், அவரவர் பாட்டுக்கு நடந்துகொள்ள வேண்டியதுதான். பெட்டிகள் மட்டும் ஜீப்பில் முன்னால் போய்விடும். உன் மண்ணை மிதிக்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தங்கள் துணிமூட்டையைத் தூக்கத் தெம்பில்லை.

இதில் எனக்குச் சிரிப்பு என்னவென்றால், நீ எங்கேயும் நடந்தவனே இல்லை. ஆற்றங்கரைக்குப் போவதற்குக்கூட யாருடைய மொபெட்டாவது வரட்டும் என்று ரோட்டில் நிற்பாய். லீவுக்கு வந்திருந்த உன் சிநேகிதர்கள் மலையைப் பார்த்து வாயைப் பிளந்தபோது, "இயற்கையை ரசிக்க வர்றவன் பொழப்பத்தவன்" என்று என் காதில் சொன்னாய். அந்தப் பிழைப்பற்றவர்கள்தான் இப்போது உன் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

பங்குனியில் ஒரு நாள் ஒரு புருஷனும் பெண்சாதியும் நம் வாசலில் வந்து நின்றார்கள். சென்னைக்காரர்கள். கையில் ஆளுக்கொரு ஊன்றுகோல், முகத்தில் வெள்ளைப் பூச்சு. அந்த அம்மாள் வீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள்.

"இதுதானே அவர் பசியோட வளர்ந்த வீடு?"

"பசியா? எங்க அண்ணனுக்குக் கொழம்புல மீன் இல்லைன்னா தட்டு வாசலுக்குப் பறக்கும்" என்றேன்.

தங்கச்சி என்று தெரிந்ததும் இருவரும் என் இருபக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்த பிறகு அந்த மனிதர் கேட்டார்: "எரிச்ச இடம் எங்கேம்மா இருக்கு?"

"எத எரிச்ச இடம்?"

அந்த அம்மாள் தன் காதிலிருந்ததைக் கழற்றி என் காதில் வைத்தாள். நீ பேசினாய். எத்தனையோ மாதம் கழித்து உன் குரலைக் கேட்கிறேன், ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அதையும் நீ நிலைக்கவிடவில்லை.

"எங்கப்பாவுக்குப் படம்னாலே ஆகாது. ஒருநாள் கிணத்தடியில என் படங்களையெல்லாம் குவிச்சுத் தீ வெச்சாரு. அந்தச் சாம்பல்ல இருந்துதான் நான் வரைய ஆரம்பிச்சேன்."

சாம்பலாம். மறுபடியும் அதே சாம்பல்.

அந்தக் கிணற்றடியில் நானும் இருந்தேன், அண்ணே. உன் ஓவியக் கல்லூரி வாத்தியார் உன் படங்களைப் பார்த்து, காலண்டர் படம் என்று சொல்லிவிட்டாராம். ஊருக்கு வந்து மூன்று நாள் யாரிடமும் பேசாமல் கிடந்தாய். பிறகு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் மோட்டார் ரூமுக்குப் பின்னால் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியவன் நீ. திராட்சைப் பந்தலுக்குள் இருந்த அப்பா புகையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "ஏலே, பாவி! என்னலே பண்ற?" என்று கத்தியபடி வலது கையை நெருப்புக்குள் விட்டார். இரண்டு படமோ மூன்று படமோ வெளியே வந்தன. நீ அவற்றையும் பிடுங்கி உள்ளே போட்டாய். அவர் மறுபடியும் கையை விட்டார். கம்பம் ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தபோது நடுவிரல் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அந்தக் கையோடுதான் அவர் சாகும்வரை கோயிலில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அன்று அந்தத் தம்பதியோடு நானும் உத்தமபாளையம் வரை நடந்தேன். இன்னும் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று கேட்க வேண்டியிருந்தது. வாய்க்கால் ஓரத்தில் இரும்புச் சட்டம் ஒன்று நட்டிருக்கிறார்கள். அதற்குள் முகத்தை வைத்துப் பார்த்தால் உன் படத்தில் வருகிற மாதிரியே வயலும் மலையும் தெரியுமாம். வெறுங்கண்ணால் பார்த்தால் தெரியாதுபோல. இன்னோர் இடத்தில் "இங்கே சற்று மௌனமாக இருங்கள்" என்று பலகை. அவர்கள் இருந்தார்கள். பின்னால் உரமூட்டை ஏற்றி வந்த டிராக்டர்காரர் ஆரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இவுகளுக்குக் காது கேக்காதா?" என்று என்னிடம் கேட்டார். மத்தியானம் ஒரு தோப்பில் கேழ்வரகுக் களி போட்டார்கள், நீ விரும்பிச் சாப்பிட்டதாம். களியைக் கண்டாலே உனக்குக் குமட்டும். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

மறுநாள் பஸ் ஏறிக் கூடலூர் போனேன். நடை முடிகிற விடுதியில்தான் இந்த நடையை நடத்துகிறவர் இருந்தார். நாற்பது வயதுக்காரர், அந்தப் பக்கத்து ஆள், பணிவாகத்தான் பேசினார். அப்பா தீ வைத்ததாக வருகிற பேச்சை எடுக்கச் சொன்னேன்.

"அது நாங்க எழுதுனதில்லம்மா. சார் எப்பவோ குடுத்த பேட்டி. அவுக சொந்தக் குரலு."

"பொய்யச் சொந்தக் குரல்ல சொன்னா உண்மையாயிருமா?"

"எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? வர்றவுக அங்கனதான் கண் கலங்குறாக. அத எடுத்துட்டா நடையில என்ன இருக்கு? வயக்காடுதான் இருக்கு."

அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் உண்மையாகச் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். மண்ணெண்ணெய், அப்பாவின் கை, ஒட்டிப்போன விரல்கள் எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது.

"அம்மா, இது அதவிட நல்லாருக்கே! உங்க குரல்லயே பதிஞ்சு குடுங்க. ரெண்டையும் அடுத்தடுத்து வைப்போம். எது நெசம்னு நடக்குறவுகளே முடிவு பண்ணிக்கட்டும்."

"எங்கப்பா கை என்ன ஓட்டுப் பெட்டியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வாசல்வரை பின்னாலேயே வந்து டீ சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

நம் கிணற்றடிக்குப் போகிற வழியில் ஒரு பெஞ்சும் பலகையும் நட்டிருந்தார்கள். மகள் பிரசவத்துக்காக நான் மதுரையில் இருந்தபோது செய்த வேலை. பலகையில் ஓர் எண்ணும் கட்டம் கட்டமாக ஏதோ ஒரு படமும் மட்டும்தான். கரண்டு ஆபீஸ் காரியமாக இருக்கும் என்று அதுவரை விட்டிருந்தேன். அதற்குப் போனைக் காட்டினால் உன் குரல் பேசும் என்று கூடலூரில்தான் தெரிந்தது. கூடலூரிலிருந்து வந்த அன்றைக்கே டிராக்டரில் சங்கிலி கட்டி இரண்டையும் பிடுங்கிப் போட்டேன். அது என் பட்டா நிலம்.

அவர்கள் சண்டைக்கு வரவில்லை. அந்த இடத்தை அப்படியே நகர்த்தி, ரோட்டோரப் புளியமரத்தடியில் வைத்துவிட்டார்கள். இப்போது உன் ரசிகர்கள் அங்கே நின்று நெஞ்சில் கை வைத்து அழுகிறார்கள். அந்த மரத்தடியில் இதுவரை பீடியைத் தவிர வேறெதுவும் எரிந்ததில்லை. அழுகைக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

அவர்களை விடு. காசு கொடுத்து ஏமாறுகிறவர்கள், ஏமாற்றிப் பிழைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நீ ஏன் அப்படிச் சொன்னாய்? எதிரில் உட்கார்ந்து கேட்டவருக்கு அது பிடித்திருக்கும். பட்டணத்து வரவேற்பறையில், மகன் படங்களுக்காகக் கையைக் கொடுத்த அப்பனுக்கு மதிப்பில்லை, கொளுத்துகிற அப்பன்தான் வேண்டும். அதைச் சொல்லிவிட்டுக் கைதட்டல் வாங்கினாய். படம் வரையத் தெரிந்த உனக்கு அந்த ஒரு கையை வரையத் துணிச்சல் இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்தப் பேட்டி முதலில் ஒரு பத்திரிகையில் வந்தது. நான் அதை வாசிப்பதற்கு முன்பே, மகன் படம் போட்டிருக்கிறது என்று அப்பா கையில் வாங்கிவிட்டார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். என்னிடம் திருப்பிக் கொடுத்து, "வாசி ஆத்தா, என்ன சொல்லிருக்கான்?" என்றார். பந்தலடியில் உட்கார்ந்து, இடது கையால் கத்தரி பிடித்துக் குலையில் அழுகல் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்ததும் நான் நிறுத்தினேன். "ஏன் நிப்பாட்டிட்ட?" என்றார். வாசித்தேன். கத்தரி ஓடவில்லை.

"அத இன்னொருக்கா வாசி."

இன்னொரு முறையும் வாசித்தேன். அவர் கொஞ்ச நேரம் கையிலிருந்த குலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவனுக்கு அப்படி ஒரு அப்பன் தேவைப்படுது போல. இருந்துட்டுப் போகட்டும்." பிறகு அடுத்த குலையை எடுத்தார். "நான் இதக் காதால கேட்டேன்னு அவன்கிட்டச் சொல்லிராத. சங்கடப்படுவான்."

அவர் இருந்தவரை நான் சொல்லவில்லை. நீ இருந்தவரையும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்து, அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றாயே, அப்போதுகூட வாயைத் திறக்கவில்லை. இத்தனை காலமாக அதைச் சுமந்துகொண்டுதான் இந்தத் தோட்டத்துக்குள் போய் வருகிறேன். அவருக்கு இருந்த மனசு எனக்கு இல்லை, அண்ணே.

நீ சொன்னதை அப்பா கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.