பூபாலனைக் கேட்டு வந்த போன்

சனத்நகர்
8-6-2024

பூபா,

நாலு பேர் முன்னால் என்னங்க என்றுதான் கூப்பிடுவேன். கடிதத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்? உங்க காரியம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. நான் எழுதுகிற லட்சணத்தைப் பார்த்துச் சிரிக்காதீங்க.

இன்றைக்கு உங்க போனுக்கு ஒரு தெலுங்குப் பெண் கூப்பிட்டாள். பேர் சாஹித்யா. கம்பெனி மெடிக்கல் கார்டில் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களிடம் குறை நிறை கேட்கிறார்களாம். "பூபாலன் காரு இருக்காங்களா?" என்றாள். உங்க பேரைச் சொல்லி ஒருத்தர் கேட்டு எத்தனை நாளாச்சு. வெளியே போயிருக்கார் என்று சொல்லிவிட்டேன். நான் பதில் சொல்லலாமா என்றதற்கு, பேஷண்ட்தான் சொல்லணுமாம். மறுபடி கூப்பிடுவாளாம்.

உங்க காஞ்சனா

15-6-2024

பூபா,

இந்த வாரம் இரண்டு தடவை கூப்பிட்டாள். ஒரு தடவை நீங்க குளிக்கிறீங்க. இன்னொரு தடவை மார்க்கெட்டுக்குப் போயிட்டீங்க. "அங்கிள் வீட்டிலயே தங்க மாட்டாரா ஆண்ட்டி?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். தப்புதான். ஆனாலும் உங்க போனுக்குச் சார்ஜ் போட்டுத்தான் வைக்கிறேன்.

காஞ்சனா

22-6-2024

பூபா,

இதுதான் கடைசித் தடவை என்றாள். உள்ளதைச் சொல்லிவிட்டேன். அப்புறம், "அப்போ நீங்களே சொல்லலாம் ஆண்ட்டி" என்றாள்.

டாக்டரைப் பார்ப்பது சுலபமா என்று முதலில் கேட்டாள். நம்ம கம்பெனி டிஸ்பென்சரி டாக்டர் மணிவண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தாரே. அஞ்சுக்கு அஞ்சு போடச் சொன்னேன். அடுத்தது, "ஆஸ்பத்திரியை அங்கிளே தேர்ந்தெடுத்தாரா? ஆமாவா, இல்லையா?"

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதும்போது டாக்டர் இரண்டு இடம் சொன்னார். பக்கத்தில் சின்னது, இல்லாவிட்டால் கச்சிபௌலியில் பெரியது. நான்தான் பெரிய இடம் என்று அடம்பிடித்தேன். டாக்டர் உங்க முகத்தைப் பார்த்தார். நீங்க என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினீங்க. டிராபிக்கில் ஆம்புலன்ஸ் நகராமல் நின்றபோதும் என் கையை விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது உங்க கை சில்லென்று இருந்தது.

சாஹித்யா காத்திருந்தாள். போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்குத் தலையாட்டினீங்களே, உங்களுக்கும் அதுதான் சரி என்று பட்டதா, இல்லை நான் பயந்துவிடக் கூடாது என்றா?